வரி கேட்டால் தருமம், பிள்ளை கேட்டால் பில்லு

வரி எண்ட சொல்லு காதில விழுந்தால் காணும், ஊரில உள்ள பணக்காரர் எல்லாம் அந்த நிமிசமே ஏழையாகிவிடுவினம். நேற்று வரைக்கும் மாடி வீட்டைச் சுத்திக் காட்டினவர், சோலைவரிக்கு அளக்க ஆள் வந்தால் "உது சும்மா ஒரு கொட்டில்தானே" எண்டுவார். சனத்தின்ர குணம் அது. அதுக்கு நான் கோவிக்கிறேல்ல. ஆனால் தம்பி, ஏழையாகிறது மட்டும் காணாதெண்டு, வரி எண்டவுடன புண்ணியவானாகவும் மாறுற ஒரு கூட்டம் இருக்குது பார், அதைக் காணத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

ஆரைச் சொல்லுறன் எண்டு விளங்குதோ? காசு வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திறவையைச் சொல்லுறன்.

நீ மோட்டச்சைக்கிளில நாடு முழுக்கத் திரியிறனி. எந்த ரவுணுக்குப் போனாலும் கொஞ்சம் மெதுவாப் போய் போட்டுகளை வாசி. "இன்ரநஷனல்" எண்டு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அப்பிடியெண்டால் என்னெண்டு ஒருத்தரைக் கேட்டன். இங்கிலீசில படிப்பிக்கிறதாம். சரி, ரீச்சர் ஆர்? பக்கத்து ஊர்ப் பிள்ளை. படிக்கிறவை ஆர்? எங்கட பிள்ளையள். அப்ப வெளிநாடு எங்க கிடக்கு? சுவிஸில இருந்து சித்தப்பா அனுப்புற காசில கிடக்கு.

பங்குனி வெய்யிலில அந்தக் குஞ்சுகளுக்கு ரை கட்டி, முழங்கால் மட்டும் சொக்ஸ் போட்டு விடுகினம். புழுதி றோட்டில வான் வந்து ஏத்துது. அதுக்கும் மேல ஒண்டு பார்த்தன். முன்பள்ளி முடிச்ச பிள்ளையளுக்குப் பட்டமளிப்பு விழாவாம். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில சுருட்டின கடதாசி. அஞ்சு வயசில பட்டம் வாங்கியாச்சு எண்டால், அறிவியல் நகரில பொறியியல் பீடத்தை என்னத்துக்குக் கட்டி வைச்சிருக்கினம்? பூட்டிவிட்டு நெல்லுக் காயப் போடலாமே.

விருப்பமெண்டால் செய்யட்டும். காசுள்ளவன் தன்ர பிள்ளைக்கு எதையும் வாங்கலாம். அவன்ர பிள்ளை, அவன்ர காசு. என்ர கேள்வி அதில்ல. பிள்ளையைச் சேர்க்கேக்க நீட்டின பில்லை ஒருக்கா எடுத்துப் பார். சேர்வுக் கட்டணம், தவணைக் கட்டணம், திருப்பித் தாற கட்டணம், திருப்பித் தராத கட்டணம், உடுப்பு அவையிட்டத்தான் வாங்கவேணும், கொப்பியும் அவையிட்டத்தான். ஒரு மளிகைக்கடைக்காரன் வெக்கப்பட்டு நிண்டிடுவான். அந்தப் பில்லில எங்கயும் தருமம் எண்ட சொல்லைக் காணேல்ல. வரிக் கடிதம் வந்தவுடன மட்டும் அது எங்க இருந்து ஓடி வருது?

இதுக்கொரு பழங்கதை இருக்கு. நீ படிச்ச சரித்திரப் புத்தகத்தில உது இருக்குதோ எனக்குத் தெரியாது. 1960 இலயும் 61 இலயும் சிறிமாவோ அம்மாவின்ர அரசாங்கம், பதியுதீன் மஹ்மூத் கல்வி மந்திரியா இருந்த காலம், அரசாங்க உதவி பெற்ற பள்ளிக்கூடங்களைத் தன்ர கையில எடுத்தது. பாதிரிமாரிட்ட இருந்தது, எங்கட சைவச் சங்கங்களிட்ட இருந்தது, எல்லாம் போச்சு. தனியா நிப்பம் எண்டு நிண்டவை கொஞ்சப் பேர். யாழ்ப்பாணத்தில சென்ற் ஜோன்ஸ், சென்ற் பற்றிக்ஸ் எல்லாம் அந்த வகை. 1961 சட்டம் இன்னொரு வேலையும் பார்த்தது. அஞ்சு வயசு தொடக்கம் பதினாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்கு ஆரும் புதிசாத் தனியார் பள்ளிக்கூடம் திறக்கக் கூடாது எண்டு கதவைச் சாத்திப்போட்டுது.

கதவைச் சாத்தினால் எங்கட ஆக்கள் சும்மா இருப்பினமோ? வேலி பாயத் தெரியாதவன் ஊரில இல்ல. 1977 க்குப் பிறகு ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ர அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டுது. கெட்டிக்காரர் சட்டத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சினம். பள்ளிக்கூடம் எண்டு பதிஞ்சால்தானே தடை? கம்பனி எண்டு பதிஞ்சால்? ஒரு தடையுமில்ல. அண்டு தொடக்கம் இண்டு வரைக்கும் உந்தச் சர்வதேசப் பாடசாலையள் கம்பனிச் சட்டத்திலதான் பதிவு. கல்வி அமைச்சின்ர கொப்பியில அவையின்ர பேர் இல்ல.

ஆக, சட்டத்தின்ர கண்ணுக்கு உன்ர பிள்ளை போறது பள்ளிக்கூடத்துக்கு இல்ல மோனை. ஒரு கம்பனிக்கு. ரை கட்டிக்கொண்டு போறதும் ஒரு வகையில சரிதான்.

இப்ப சொல்லு. திறக்கேக்க "நாங்கள் பள்ளிக்கூடம் இல்ல, கம்பனி" எண்டு சொன்னவை. வரி எண்டவுடன "நாங்கள் கம்பனி இல்ல, கல்விச் சேவை" எண்டால் கேட்கிறவன் எந்தக் காதால கேட்கிறது? முன்னம் கல்வி நடத்திற கம்பனியளுக்கு வருமான வரி 14 சதவீதம் எண்டு ஒரு சலுகையும் இருந்தது. 2022 இல நாடு வங்குரோத்தாகி, எரிபொருளுக்கு வரிசையில நிண்டு, கடைசியில ஐ.எம்.எஃப். வாசலில போய் நிண்டமே, அந்த வருசக் கடைசியில அது மற்றக் கம்பனியளைப் போல 30 ஆச்சு. கம்பனிக்குக் கம்பனி வரி. இதில அநியாயம் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியேல்ல.

வருமான வரி கொழும்புச் சமாச்சாரம். ஊர்ச் சமாச்சாரம் சோலைவரி. உனக்கு அது தெரியாது, ஏனெண்டால் கொப்பர்தான் கட்டுறவர். உன்ர வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வருமெண்டு விலைமதிப்புத் திணைக்களம் ஒரு கணக்குப் போடும். அந்தப் பெறுமதியில உள்ளூராட்சிச் சபை ஒரு வீதத்தை எடுக்கும். முழு வருசத்துக் காசையும் தை 31 க்கு முன்னம் கட்டினால் 10 சதவீதம் கழிவு தருவினம். தைப்பொங்கல் செலவோட செலவா ஆர் கட்டுறான்? ஆடியில கட்டிப்போட்டு, கழிவு தரேல்லயெண்டு சபையை ஏசுறதுதான் எங்கட வழக்கம்.

ஐ.எம்.எஃப். காரர் இதுக்கு மேலயும் ஒரு வித்தை வைச்சிருந்தவை. உன்ர வீட்டில நீயே குடியிருந்தால், உனக்கு நீயே வாடகை குடுக்கிறாய் எண்டு நினைச்சுப் பார்த்து, அந்த வராத வாடகைக்கு வரி. 2025 சித்திரையில தொடங்கிறதெண்டு பேச்சு. பிறகு அரசாங்கம் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளிப்போட்டுது. இதைக் கேட்ட அண்டைக்கு உங்கட பெரியம்மா சொன்னா, "அப்ப எனக்கு நான் சமைச்சுப் போடுறதுக்குச் சம்பளம் எண்டும் கணக்குப் போடுவினமோ?" கொழும்பில அவ்வளவு படிச்ச ஆக்கள் இருந்து உந்தக் கேள்வியைக் கேட்கத் தோணேல்லயே.

சரி, சோலைவரிக்கு வருவம். கோயிலுக்கு விலக்கு. சனத்தின்ர பள்ளிக்கூடத்துக்கும் விலக்கு. அதில ஆருக்கும் வழக்கில்ல. அதுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு "நாங்களும் பள்ளிக்கூடம்தானே" எண்டு தலையைச் சொறியிறவைக்கு என்ன மறுமொழி? பெரிய பெரிய சட்டத்தரணியள் இதுக்குப் பக்கம் பக்கமா எழுதுவினம். எனக்கு ஒரு கேள்வி காணும். கையில சல்லி இல்லாத ஒரு பிள்ளை அந்தப் படலைக்குள்ளால உள்ள போய், ஒரு வாங்கில குந்தி, மற்றப் பிள்ளையளோட படிச்சு வெளிய வரலாமோ? வரலாமெண்டால் விடு, ஒரு சதமும் கேட்காத. வாசலில காவலாளி மறிப்பானெண்டால் அது கடை. அதுக்கு இந்தப் பக்கம் ரயர் ஒட்டுற பெடியன் கட்டுறான். அந்தப் பக்கம் தையல்கடைத் தங்கச்சி கட்டுறாள். நடுவில நிக்கிற மூண்டு மாடிக்கு மட்டும் என்ன விரதமோ?

உது எங்கட ஊர் வியாதி மட்டும் எண்டு நினைக்காத. லண்டனில என்ர மருமகன் ஒருத்தன் இருக்கிறான். எங்கட அக்கராயனில குளத்துக் கட்டில மாடு சாய்ச்சவன். இப்ப பிள்ளையைத் தனியார் பள்ளிக்கூடத்தில விட்டிருக்கிறான். போன வருசம் எடுத்து ஒரே புலம்பல். "மாமா, இஞ்ச அரசாங்கம் படிப்புக்கு வரி போட்டிட்டுது."

என்ன நடந்ததெண்டு விசாரிச்சன். அங்க கனக்கத் தனியார் பள்ளிக்கூடங்கள் தரும ஸ்தாபனம் எண்டு பதிவு. அதால கட்டடத்துக்குக் கட்டவேண்டிய உள்ளூர் வரியில 80 சதவீதம் தள்ளுபடி. பீஸுக்கு வற் வரியும் இல்ல. லேபர் கட்சி வந்து ரெண்டையும் எடுத்துப்போட்டுது. 2025 தை முதலாந் திகதி தொடக்கம் பீஸுக்கு 20 சதவீதம் வற். சித்திரையோட இங்கிலாந்தில கட்டட வரித் தள்ளுபடியும் போச்சு. ஸ்கொட்லாந்துக்காரர் அந்தத் தள்ளுபடியை 2022 இலயே நிப்பாட்டினவை. அதுக்கு ஒருத்தரும் எனக்கு ரெலிபோன் எடுத்து அழேல்ல.

அங்க ஈட்டன் எண்டொரு பள்ளிக்கூடம் இருக்கு. 1440 இல ஆறாம் ஹென்றி ராசா தொடக்கினது. என்னத்துக்கு? 70 ஏழைப் பெடியளுக்குச் சும்மா படிப்பிக்க. நல்ல மனுசன். பிறகு என்ன நடந்தது? அதில படிச்சு வந்த பிரதம மந்திரிமார் மட்டும் 20 பேர். இப்ப வருசத்துக்கு 60,000 பவுணுக்கு மேல கேட்கிறாங்கள். நெல்லு வித்து அந்தக் காசைக் கட்டுறதெண்டால் அக்கராயன் குளத்துக்குக் கீழ எத்தினை போகம் விதைக்கவேணும் எண்டு நீ கணக்குப் பார், நீதானே ஏ.எல். கணிதம். ஆனால் கொப்பியில அது இன்னும் தரும ஸ்தாபனந்தான். ராசா செத்து ஐஞ்சரை நூற்றாண்டு ஆச்சு, ராசாவின்ர புண்ணியம் மட்டும் 2025 வரைக்கும் வரி கட்டாமல் திரிஞ்சது.

தனியார் பள்ளிக்கூடக்காரர் வழக்குப் போட்டினம். 2025 ஆனியில மேல்நீதிமன்றம் தள்ளிப்போட்டுது. வழக்குப் போட்டவையில எல்லாரும் கோடீஸ்வரர் இல்ல, அதையும் சொல்லவேணும். விசேட தேவையுள்ள பிள்ளையளின்ர தாய்தகப்பன் இருந்தினம். சின்னச் சின்னச் சமயப் பள்ளிக்கூடங்கள் இருந்தது. அவையின்ர அழுகை மெய்யான அழுகை. பெரிய முதலாளிமார் என்ன செய்வினமெண்டால், உப்பிடியான நாலு பேரை முன்னுக்கு நிப்பாட்டிப்போட்டு, தாங்கள் பின்னுக்கு நிண்டு கண்ணைக் கசக்குவினம். உது உலகம் பூராவும் உள்ள வழக்கம்.

மருமகனைக் கேட்டன், "போன தேர்தலில ஆருக்கு வோட்டுப் போட்டனி?" லேபருக்காம். "அவங்கள் இதைச் செய்வம் எண்டு முன்னமே சொன்னவங்களோ?" சொன்னவங்களாம். "பிறகென்னடா?" "சொல்லுவாங்கள், செய்வாங்களெண்டு நினைக்கேல்ல மாமா." அவன் இன்னும் எங்கட ஊர் ஆள்தான். அரசியல்வாதி சொன்னதைச் செய்தால் அதிர்ச்சி வருது.

நீ இப்ப துள்ளுவாய். "அப்ப தனியாருக்கெல்லாம் வரியைப் போடுவம், ஏழைப் பள்ளிக்கூடம் தலையெடுக்கும்." பொறு தம்பி. இந்த இடத்திலதான் பெடியள் கவிழுறது. வரி போடுறது ஒரு வேலை. அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருறது வேற வேலை. இங்கிலாந்தில உந்தக் காசால அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு 6,500 ஆசிரியர் எடுப்பம் எண்டு சொல்லியிருக்கினம். எடுக்கட்டும். வகுப்பில போய் நிண்ட பிறகு தலையை எண்ணுவம்.

எங்கட குளத்தை எடு. துருசு திறந்து விட்டால் தண்ணி வாய்க்காலில வருது. கட்டுக்குக் கிட்டக் காணி வைச்சிருக்கிறவன் முழங்கால் அளவுக்குக் கட்டி நிறைச்சுப்போட்டு, வரம்பில குந்தி வெத்திலை போடுவான். வாய்க்கால் கடைசியில இருக்கிறவன் மண்வெட்டியோட ராத்திரி முழுக்க நிப்பான், அவனுக்கு வாறது ஈரம் மட்டும். குளத்தில தண்ணி காணாதெண்டு சொல்லேலாது. வழியில குடிச்சிட்டாங்கள். கல்விக் காசும் அந்தப் பாதையாலதான் வருது. திறைசேரி, நிதி ஆணைக்குழு, மாகாணம், வலயம், கோட்டம், அதுக்குப் பிறகு எங்கட பள்ளிக்கூடம். கொழும்பிலயும் கண்டியிலயும் இருக்கிற பேர்போன தேசியப் பாடசாலையள் மத்திய அமைச்சின்ர துருசுக்குப் பக்கத்தில. எங்கட பிள்ளையள் வாய்க்கால் கடைசியில. முறைத் தண்ணியைப் பங்கிட எங்களுக்கு ஒரு கமக்கார அமைப்பாவது இருக்கு. வடக்கு மாகாண சபையோ 2018 ஐப்பசியோட காலம் முடிஞ்சு, பிறகு வருசக்கணக்கா ஆளுநரின்ர கையில.

சோலைவரிக்காசு இந்தப் பாதையிலயே இல்ல, அது உனக்குத் தெரியுமோ? அது சபையின்ர காசு. குப்பை அள்ள, காண் வெட்ட, தெருவிளக்குப் போட, வாசிகசாலைக்குப் பேப்பர் எடுக்க. அதால கணக்கு ரீச்சரை எடுக்கேலாது. ஆகையால், மூண்டு மாடிக்குச் சோலைவரி போட்டவுடன எங்கட பிள்ளைக்கு விஞ்ஞானகூடம் வருமெண்டு கனாக் காணாத. றோட்டில ஒரு லைற் எரியும். அதுவும் நல்லதுதான். ரியூசன் முடிஞ்சு வாற பிள்ளையள் பள்ளத்தில விழாதுகள்.

உடன ஒரு கெட்டிக்காரன் எழும்பிச் சொல்லுவான், "அப்ப காணி வரியை நேரா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே குடுத்தால் என்ன?" கேட்க இனிப்பாத்தான் இருக்கும். அமெரிக்காக்காரன் அதைத்தான் செய்யிறான். ஊரில உள்ள வீடு வளவுக்கு வரி, அந்த வரியில ஊர்ப் பள்ளிக்கூடம். ரெக்சாஸ் மாநிலத்தில சான் அன்ரோனியோ எண்டொரு நகரம். அங்க எட்ஜ்வூட் எண்ட ஏழைப் பகுதியில வளவுகளுக்குப் பெறுமதி இல்ல. அந்தச் சனம் பாவம், 100 டொலர் பெறுமதிக்கு 1.05 டொலர் வீதம் வரி கட்டிச்சுது. பக்கத்தில அலமோ ஹைற்ஸ், பணக்காரப் பகுதி. அவை 85 சதந்தான் கட்டினவை. ஆனால் பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளைக்கு வருசத்துக்குச் செலவழிஞ்சது என்ன தெரியுமோ? எட்ஜ்வூட்டில 356 டொலர். அலமோ ஹைற்ஸில 594 டொலர். கூடக் கட்டினவனுக்குக் குறையக் கிடைச்சுது. ஏனெண்டால் குடிசையில எத்தினை வீதம் எடுத்தாலும் குடிசையின்ர காசுதானே வரும். டிமெற்றியோ றொட்ரிகஸ் எண்ட ஒரு தகப்பன் இதைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின்ர உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனான். 1973 இல தீர்ப்பு. ஐஞ்சு நீதிபதியள் ஒரு பக்கம், நாலு பேர் மற்றப் பக்கம். றொட்ரிகஸ் தோத்தான்.

இதை எங்கட ஊருக்குக் கொண்டு வந்து பார். அக்கராயனில இருந்து ஸ்கந்தபுரம், கோணாவில், வன்னேரிக்குளம் மட்டும் உள்ள வளவு முழுக்க அளந்து வரி போட்டு, அதாலதான் பள்ளிக்கூடம் நடத்தவேணும் எண்டால் எங்களுக்கு வெண்கட்டிக்குத்தான் காணும். கொழும்பு ஏழில ஒரு தெருவின்ர வரியில அவன் நீச்சல் தடாகம் கட்டுவான். ஆகையால், வளவு வரி சபைக்கு இருக்கட்டும். படிப்புக்கு நாடு முழுக்கச் சேர்த்த காசு வரட்டும், கடைசி வயலில இருந்து பாய்ச்சட்டும். இதைச் சொன்னால் என்னைப் பழைய சிவப்புக் கிழவன் எண்டுவாங்கள். சொல்லட்டும். சிவப்பு எனக்கு வெத்திலையாலதான் வந்தது.

சனத்தின்ர காசில பள்ளிக்கூடம் எங்களுக்குப் புதிசே? பிடியரிசி எண்டு கேள்விப்பட்டிருக்கிறியோ? உலையில போட அரிசி அளக்கேக்க ஒரு பிடியை எடுத்து வேற பானையில போடுறது. மாதம் முடிய அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறது. சோத்தில வரி. ஒரு நோட்டீசும் இல்ல, கழிவும் இல்ல, ஒளிப்பும் இல்ல. 1923 இல சைவ வித்தியா விருத்திச் சங்கத்தைத் தொடக்கி, இந்து போர்ட் இராசரத்தினம் எண்டு பேரெடுத்த மனுசன் ஊர் ஊராப் பள்ளிக்கூடம் கட்டினதும் உப்பிடியான சனத்தை நம்பித்தான்.

பிறகு கல்வி மந்திரி கன்னங்கரா வந்தார். 1943 இல அறிக்கை, 1945 ஐப்பசி முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பில இருந்து பல்கலைக்கழகம் மட்டும் இலவசக் கல்வி. அண்டைக்கும் காசுள்ளவை எதிர்த்தவைதான். எல்லாரும் படிச்சால் தென்னையில ஆர் ஏறுறது எண்டு கவலைப்பட்டவை இருந்தினம். இப்ப எல்லாரும் படிச்சிட்டினம், தென்னையில ஏற ஆளில்லத்தான். அதுக்காகப் படிப்பைக் குறை சொல்லேலுமோ? கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எண்டு மத்திய மகா வித்தியாலயங்களைக் கட்டி, அதுக்கு ஆள் எடுக்க ஒரு புலமைப்பரிசில் சோதினையும் வைச்சினம். அந்தச் சோதினையை இப்ப பார்த்தியோ? பிள்ளை எழுதுதோ, தாய் எழுதுறாவோ எண்டு தெரியேல்ல. பெறுபேறு வந்தால் படலையில பனர். 150 எடுத்த பிள்ளைக்குப் பனர், 140 எடுத்த பிள்ளைக்கு அடி. பத்து வயசுப் பிள்ளையடா அது.

2008 கடைசியில சண்டை கிட்ட வர, நாங்கள் குளத்தையும் வயலையும் விட்டிட்டு வெளிக்கிட்டம். போன இடத்தில மரத்துக்குக் கீழ ரீச்சர்மார் வகுப்பு வைச்சினம். கொப்பி இல்ல, வாங்கில்ல, பக்கத்தில பதுங்கு குழி. அப்ப ஒருத்தரும் "உது இன்ரநஷனலோ?" எண்டு கேட்கேல்ல. அந்த மரத்துக்குக் கீழ படிச்சதுகள் இண்டைக்கு டொக்ரர், இஞ்சினியர், நல்ல ரீச்சர். அதுக்காக மரத்துக்குக் கீழயே விடுவம் எண்டு நான் சொல்லேல்ல. மந்திரி ஆராவது அப்பிடி விளங்கிப்போடுவான், கவனம்.

மந்திரி எண்டவுடன ஆறு சதவீதம் ஞாபகம் வருது. நாட்டின்ர மொத்த உற்பத்தியில ஆறு சதவீதத்தைப் படிப்புக்கு ஒதுக்கு எண்டு கேட்டுப் பல்கலைக்கழக வாத்திமார் 2012 இல நூறு நாள் மட்டில வேலைநிறுத்தம் செய்தினம். இப்ப ஆளுறவையும் தேர்தலுக்கு முன்னம் அந்த ஆறைத்தான் சொன்னவை. ரெண்டைத் தொடுறதே பெரும்பாடாக் கிடக்கு. மற்ற நாலும் எங்க எண்டு கேட்டால் கடனுக்கு வட்டி எண்டுவினம். அதுக்குள்ள 2024 தை தொடக்கம் வற் 18 ஆக்கி, புத்தகத்தையும் அதுக்குள்ள இழுத்துவிட்டினம். படிப்புக்குக் காசு குடுக்காட்டிலும் பரவாயில்ல, படிப்பிட்ட இருந்து பிடுங்காமலாவது இருக்கலாம்.

மேல இருக்கிறவையை ஏசினது காணும். இப்ப உன்னட்ட வாறன். ஓடாத, குந்து.

இலவசக் கல்வி சாகுதெண்டு நீ அழுகிறாய். நல்லது. உன்ர மகனை அக்கராயனில சேர்த்தனியோ? இல்ல. ரவுணுக்கு வான். ஏன்? "எங்கட பள்ளிக்கூடம் சரியில்லை அப்பு." ஏன் சரியில்லை? பிள்ளையள் குறைவு. ஏன் குறைவு? உன்னைப் போல பத்துப் பேர் ரவுணுக்கு ஏத்திவிட்டிட்டினம். பிள்ளை குறைஞ்சால் ரீச்சரைக் குறைப்பான். ரீச்சர் குறைஞ்சால் பிள்ளை இன்னும் குறையும். கடைசியா ஒரு நாள் பூட்டுவான். அண்டைக்கு நீதான் முதல் ஆளாப் பதாகை பிடிப்பாய்.

அந்த ரவுண் இன்ரநஷனலில மாதம் பதினையாயிரம், இருபதினாயிரம் எண்டு கேட்டவுடன எடுத்து வைக்கிறாய். பேரம் பேசேல்ல, கணக்குக் கேட்கேல்ல, பற்றுச்சீட்டைக்கூட வாசிக்கேல்ல. இஞ்ச பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூரை ஓடு மாத்த ஐந்நூறு ரூபா கேட்டால், "இலவசக் கல்வியிலயும் காசோ?" எண்டு சண்டைக்கு வாறாய். கேட்கிறது நியாயமான கேள்விதான். திரைச்சீலைக்குக் காசு, பெயின்ருக்குக் காசு, போட்டோக் கொப்பிக் கடதாசிக்குக் காசு எண்டு இலவசத்துக்குள்ள எத்தினையோ பில்லு ஒளிஞ்சு கிடக்கு. ஆனால் அந்தக் கேள்வியை அங்க ஏன் கேட்கேல்ல? காசு கூடக் குடுக்கிற இடத்தில வாய் குறையுதோ?

ரியூசனைப் பற்றி நான் கன நேரம் கதைக்கப்போறேல்ல. தகரக் கொட்டிலுக்குள்ள முந்நூறு பிள்ளையளை அடைச்சு, மைக்கில படிப்பிக்கிறான். சோலைவரி கொட்டிலுக்கெண்டுதான் கட்டுவான். காலமை வகுப்பில கொட்டாவி விட்ட அதே சேர், பின்னேரம் ஆறு மணிக்குச் சிங்கமா நிப்பார். எல்லாருமில்ல. சும்மா படிப்பிச்சு, பின்னேரமும் மறிச்சு வைச்சுப் படிப்பிச்சு, பசிச்ச பிள்ளைக்குப் பணிசும் வாங்கிக் குடுக்கிற ரீச்சர்மாரை எனக்குத் தெரியும். அவைக்கு ஒருத்தரும் பனர் கட்டுறேல்ல.

ஒரு கதை சொல்லுறன் கேள். தனியார் பள்ளிக்கூடத்துக்கு வரி போடவேணுமோ வேண்டாமோ எண்டு போன கிழமை தேத்தண்ணிக் கடையில ஒரு வாக்குவாதம். வேணுமெண்டு மேசையில அடிச்சவன்ர பிள்ளை தனியாரில. வேண்டாமெண்டு கத்தினவன்ர பிள்ளையும் தனியாரில. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில பிள்ளையை விட்டிருக்கிற கடைக்காரன் ஒண்டும் பேசேல்ல, தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டான். வாக்குவாதம் முடிய ரெண்டு பேரும் காசு குடுக்காமல் எழும்பிப் போட்டினம். கொப்பியில எழுதச் சொல்லி.

எங்கட பள்ளிக்கூடத்துச் சங்கக் கூட்டம் வாற சனிக்கிழமை, காலமை ஒன்பதரைக்கு. போன வருசக் கணக்கு வாசிப்பினம். கூரைக்கு எடுத்த காசு கூரைக்குப் போச்சோ எண்டு கேட்கலாம். வலயத்துக்குக் கடிதம் எழுதி, விஞ்ஞானத்துக்கு ஏன் ஆள் வரேல்ல எண்டு நூறு பேரின்ர கையெழுத்தோட கேட்கலாம். என்னைப் போலக் கிழடுகள் நாலு பேரும், கூலி வேலைக்குப் போகாமல் நிண்ட தாய்மார் பத்துப் பேரும் வருவினம். உனக்கும் அறிவிப்பு வந்திருக்கும். கொப்பரைக் கேட்டன். சனிக்கிழமை காலமை பேரனுக்கு இங்கிலீசுப் பேச்சுப் போட்டியாம், நீ ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போறியாம். தலைப்பு என்னெண்டும் சொன்னவர். "இலவசக் கல்வியின் மகத்துவம்."